ஊசியைக் கண்டால் மயக்கம்: எந்தச் சிகிச்சை யாருக்கு?

கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் ஸ்பிரிட் பஞ்சு படும்போது எனக்கு முதலில் நெஞ்சு படபடக்கும். அரை நிமிடத்தில் அந்தப் படபடப்பு சட்டென்று அடங்கிவிடும். அதுதான் ஆபத்தான நேரம். காதுக்குள் இரைச்சல் கேட்கும், வாயில் எச்சில் ஊறும், எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கும் பரிசோதனைக் கட்டணப் பட்டியலின் எழுத்துகள் மங்கும். கண் விழிக்கும்போது தரையில் கிடப்பேன். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார். இன்னொருவர், "காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருப்பார்" என்று சுற்றி நிற்பவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். 19 வயதிலிருந்து 38 வயதுவரை இப்படி ஏழு முறை விழுந்திருக்கிறேன்.

என் அண்ணிக்கும் ஊசி என்றால் ஆகாது. அவருக்குக் கை நடுங்கும், ரவிக்கை நனைகிற அளவுக்கு வியர்க்கும். ஒருமுறை ஊசி ஏறுவதற்குள் கையை இழுத்துக்கொண்டு அறையை விட்டே ஓடிவந்துவிட்டார். ஆனால் ஒரு தடவைகூட மயங்கி விழுந்ததில்லை.

வீட்டில் எங்கள் இருவருக்கும் ஒரே அறிவுரைதான் கிடைத்தது: "கண்ணை மூடிக்கொள், மூச்சை ஆழமாக இழுத்து விடு, உடம்பைத் தளர விடு." அண்ணிக்கு அது கொஞ்சம் உதவியது. என்னை அது இன்னும் விரைவாகத் தரையில் தள்ளியது. ஒரே பயம் என்று நாங்கள் நினைத்தவை உடம்புக்குள் இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன என்று தெரிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. சிகிச்சை தேடிக் கிளம்புகிறவர்கள் அவ்வளவு காலத்தை இழக்க வேண்டாம் என்பதற்காகத்தான் எங்களுக்குக் கிடைத்த வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்து எழுதுகிறேன்.

முதல் கேள்வி: நீங்கள் மயங்குகிறவரா?

பாம்பைக் கண்டு பயப்படுகிறவருக்கும், உயரத்தைக் கண்டு பயப்படுகிறவருக்கும், லிஃப்டில் ஏற மறுப்பவருக்கும் இதயத்துடிப்பு ஏறும், இரத்த அழுத்தம் ஏறும். ஓடுவதற்கு உடம்பு தயாராகிறது. அந்த நிலையில் மயக்கம் வருவது மிக அரிது. இரத்தம், ஊசி, காயம் ஆகியவற்றைக் கண்டு வரும் போபியா மட்டும் இதற்கு விலக்கு. இதில் துடிப்பும் அழுத்தமும் முதலில் ஏறி, பிறகு ஏறிய வேகத்திலேயே இறங்குகின்றன. மூளைக்குப் போகும் இரத்தம் குறைகிறது, ஆள் சாய்கிறார். இந்தப் பயம் உள்ளவர்களில் பெரும்பாலோர் ஒரு தடவையாவது இப்படி விழுந்தவர்கள். குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் இதில் அதிகம். என் அப்பா, எனக்குக் காது குத்தும்போது கூட்டத்தில் மயங்கி விழுந்தவர். அதை வீட்டில் வேடிக்கைக் கதையாகத்தான் சொல்வார்கள். அது எனக்கும் வந்து சேர்ந்த உடல்வாகு என்று யாருக்கும் தோன்றவில்லை.

சாதாரணப் பயத்துக்கும் போபியாவுக்கும் கோடு எங்கே என்று கேட்டால், மனநல மருத்துவர்கள் இரண்டு விஷயங்களை முக்கியமாகப் பார்க்கிறார்கள். பயம் ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிக்கிறதா? அதனால் வாழ்க்கையில் ஏதாவது நின்றுபோயிருக்கிறதா? எனக்கு நின்றுபோயிருந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்த தைராய்டு பரிசோதனைச் சீட்டு இரண்டு ஆண்டுகள் கைப்பைக்குள் கிடந்து மடிப்புகளில் கிழிந்துபோனது. 2021இல் ஊரே கொரோனா தடுப்பூசிக்கு வரிசையில் நின்றபோது, பள்ளியில் சக ஆசிரியர்களிடம் "போட்டாயிற்று" என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்தான் என்னைச் சிகிச்சைக்கு அனுப்பியது.

தள்ளிப்போடுவதும் ஒரு தேர்வுதான்

எந்த வழியையும் எடுக்காதவர் உண்மையில் ஒரு வழியை எடுத்துவிட்டார்: தவிர்ப்பது. செலவில்லாதது போலத் தெரியும் வழி இது. ஆய்வுக்கூடத்தின் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டால் அந்த நிமிடமே நெஞ்சு லேசாகிறது. அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. "தப்பித்ததால்தான் பிழைத்தேன்" என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது, அடுத்த முறை வாசல்வரைகூடக் கால் போவதில்லை. ஊசியே தேவைப்படாத வாழ்க்கை யாருக்காவது வாய்த்தால் இந்த வழி போதும். சர்க்கரை நோயும் பிரசவமும் பல்வலியும் உள்ள உலகத்தில் அப்படி யாரும் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேரெதிர், நான்கு பேர் பிடித்துக்கொண்டு ஊசி போடுவது. குழந்தைகளிடம் இதுதான் அதிகம் நடக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் நீச்சல் பழக்குவதில் இரண்டு முறை உண்டு. பிள்ளையைக் கிணற்றில் தூக்கிப் போடுவது ஒன்று, இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிப் படிக்கட்டிலிருந்து இறக்குவது மற்றொன்று. தூக்கிப் போடப்பட்டவர்களில் நீந்தக் கற்றவர்கள்தான் பிறகு அதைப் பெருமையாகச் சொல்வார்கள். கிணற்றுப் பக்கமே அப்புறம் போகாதவர்கள் பேச வரமாட்டார்கள். அமுக்கிப் பிடித்து ஊசி போடப்பட்ட குழந்தைக்கு அன்றைய தடுப்பூசி உள்ளே போய்விடும், அடுத்த பத்து ஊசிகளுக்கான பயமும் அதோடு சேர்ந்து உள்ளே போய்விடும். உயிருக்கு அவசரம் என்றாலொழிய இதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மாத்திரை

அல்பிரசோலம், டயசெபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகளும், துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனோலால் மாத்திரையும் இதற்குப் பேசப்படுகின்றன. இவற்றின் பலம் வேகம். நாளை மறுநாள் ஒரு ஸ்கேன் இயந்திரத்துக்குள் அரை மணி நேரம் படுத்தாக வேண்டும், மூடிய இடம் என்றாலே மூச்சு முட்டுகிறது என்கிறவருக்கு மருத்துவர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் மாத்திரை பயத்தை ஒத்திவைக்குமே தவிர நீக்காது. விமானப் பயணத்துக்கு அஞ்சும் பெண்களிடம் வில்ஹெல்ம், ரோத் என்ற ஆய்வாளர்கள் நடத்திய ஓர் ஆய்வு 1997இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு அல்பிரசோலமும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்து விமானத்தில் ஏற்றினார்கள். முதல் பயணத்தில் அல்பிரசோலம் எடுத்தவர்களின் பதற்றம் குறைவாக இருந்தது. ஒரு வாரம் கழித்து யாருக்கும் மாத்திரை இல்லாமல் மறுபடியும் பறந்தபோது, முன்பு அல்பிரசோலம் எடுத்தவர்களே அதிகமாகத் தவித்தார்கள். முதல் பயணத்தில் அவர்கள் மனம் கற்றுக்கொள்ள வேண்டியதை மாத்திரை கற்க விடவில்லை.

மயங்குகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம் கோளாறே இரத்த அழுத்தம் இறங்குவதுதான். அழுத்தத்தை மேலும் இறக்கக்கூடிய புரோப்ரனோலால் நமக்குப் பொருந்தாது. 31 வயதில் பல் பிடுங்கப் போனபோது எனக்கு ஒரு பதற்ற மாத்திரை கொடுத்தார்கள். மனம் குளம்போல அமைதியாகத்தான் இருந்தது. அந்த அமைதியோடே நாற்காலியிலிருந்து சரிந்தேன். இந்த மாத்திரைகளில் சில பழக்கமாக ஒட்டிக்கொள்பவை என்பதால், மருந்துக் கடையில் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கி விழுங்குவதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

மந்திரிப்பு, ஹிப்னாடிசம், கண்ணாடித் திரை

முதல் முறை நான் விழுந்தபோது அம்மா என்னை மந்திரிக்க அழைத்துப்போனார். வேப்பிலையும் விபூதியும் கறுப்புக் கயிறும் கிடைத்தன. அம்மாவின் கவலையையோ நம்பிக்கையையோ நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் கயிறு கையில் இருந்த மூன்று மாதமும் யாரும் என்னைக் கோழை என்று ஏசவில்லை, அது பெரிய ஆறுதல். அடுத்த ஊசியில் மறுபடி விழுந்தேன். ஹிப்னாடிசத்தைப் பொறுத்தவரை, பயிற்சி பெற்ற மருத்துவர் கையில் அது துணைக்கு நிற்கலாம். தனியாக அதையே நம்பிப் பணம் கட்டுகிற அளவுக்கு ஆதாரம் வலுவாக இல்லை. "ஒரே நாளில் எந்தப் பயமும் போகும்" என்று சுவரொட்டி அடிப்பவர்களிடம் கொஞ்சம் விலகியே நில்லுங்கள்.

கண்ணில் மாட்டிக்கொண்டால் உயரத்திலோ விமானத்திலோ இருப்பது போலவே காட்டும் மெய்நிகர் (VR) கண்ணாடி, மற்றவற்றைவிடப் புதிய வழி. உயரப் பயத்துக்கு அதைக் கொண்டு சிகிச்சை செய்த ஆய்வை பார்பரா ராத்பாமும் உடன் பணியாற்றியவர்களும் 1995இல் வெளியிட்டார்கள். விமானத்துக்கும் உயரத்துக்கும் இது அருமையான கருவி, ஏனென்றால் பயிற்சிக்காகத் தினமும் விமான டிக்கெட் வாங்க யாராலும் முடியாது. ஊசிக்கு இது எதற்கு என்பதுதான் என் கேள்வி. உண்மையான சிரிஞ்சே மருந்துக் கடையில் பத்து ரூபாய்க்குள் கிடைக்கும்போது, அதன் படத்தைக் கண்ணாடிக்குள் பார்க்கப் பெரிய நகரம்வரை அலைய வேண்டாம்.

படிப்படியாகப் பழகுவது

இப்போது முக்கியமான வழிக்கு வருகிறேன். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் சாப்பிடும்போது கூண்டிலிருந்த முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலைத் தடவிக் கொடுத்தான். தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் 1950களில் இதை முறையான சிகிச்சையாக வளர்த்தார். பயப்படும் விஷயங்களை ஏணிப் படிகளாக அடுக்குவதும், பயத்துக்கு 0 முதல் 100வரை மதிப்பெண் போடுவதும் அவர் காட்டிய வழி. உடம்பைத் தளர்த்துவது அவர் முறையில் முக்கியப் பங்கு வகித்தது. பயத்தை நேருக்கு நேர் சந்தித்து அதிலேயே நின்று பழகுவதுதான் பெரிய வேலையைச் செய்கிறது என்பது பிற்கால ஆய்வுகளில் தெளிந்தது. இன்று குறிப்பிட்ட ஒன்றின்மீது வரும் போபியாக்களுக்கு மிக வலுவான ஆதாரம் உள்ள சிகிச்சை இதுவே.

எங்கள் மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஓர் இளம் உளவியலாளர் என்னோடு உட்கார்ந்து என் ஏணியை ஒரு பழைய நோட்டில் எழுதினார். அது எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

முதல் படி, சிரிஞ்சின் படம். மதிப்பெண் 35. இரண்டாவது, ஊசி கழற்றிய சிரிஞ்சு ஒன்றை வீட்டில் கண்ணில் படும் இடத்தில் வைப்பது. சமையலறையில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். முதல் இரண்டு நாள் கடுகு எடுக்கக்கூட கை தயங்கியது. ஐந்தாம் நாள் மகள் அதில் தண்ணீர் நிரப்பி ரோஜாச் செடிக்குப் பீய்ச்சியதைப் பார்த்துச் சிரித்தேன். மூன்றாவது, அதே சிரிஞ்சின் நுனியை முழங்கை மடிப்பில் வைத்து அழுத்துவது. 60. பிறகு இரத்தம் எடுக்கும் வீடியோ, முதலில் சத்தமில்லாமல், அப்புறம் சத்தத்தோடு. அதற்குப் பிறகு ஆய்வுக்கூடத்தில் போய்ச் சும்மா அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது. அடுத்தது, நாற்காலியில் அமர்ந்து பட்டையைக் கட்டச் சொல்லி, ஊசி இல்லாமல் எழுந்து வருவது. அங்கே இரத்தம் எடுக்கும் தங்கை இதற்கு மூன்று நாள் சலிக்காமல் உதவினாள். "அக்கா, இன்றைக்கும் பட்டை மட்டும்தானா?" என்று கேட்டுக்கொண்டே கட்டுவாள். கடைசிக்கு முந்தைய படி, அண்ணிக்கு இரத்தம் எடுப்பதை அருகில் நின்று பார்ப்பது. 85.

சட்டம் ஒன்றுதான்: பயம் உச்சத்தில் இருக்கும்போது எழுந்து ஓடக் கூடாது. அது பாதியாக இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும், பிறகே அடுத்த படி. மொத்தம் ஒன்பது வாரம் ஆயிற்று. பொறுமை வேண்டும், கூட யாராவது வேண்டும். குறை என்று சொன்னால் இந்த நீளம்தான்.

ஒரே அமர்வு

நீளத்துக்கு விடை ஸ்வீடனிலிருந்து வந்தது. லார்ஸ் யோரான் ஓஸ்ட் என்ற உளவியலாளர் 1989இல், இதே ஏணியை அதிகபட்சம் மூன்று மணி நேரம் கொண்ட ஒரே அமர்வில் ஏறும் முறையை விவரித்தார். ஊசிப் பயத்துக்கு ஒரே அமர்வையும் ஐந்து அமர்வுகளையும் ஒப்பிட்ட அவருடைய ஆய்வு 1992இல் வந்தது. பலனில் பெரிய வேறுபாடு இல்லை. கிணற்றில் தள்ளுவதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு படியையும் சிகிச்சையாளர் முதலில் செய்து காட்டுவார், நோயாளி சரி என்றால்தான் அடுத்தது.

அண்ணிக்கு இதுதான் சரியாக அமைந்தது. மருத்துவர் இன்சுலின் தொடங்கச் சொல்லிவிட்டார், ஒன்பது வாரம் காத்திருக்க நேரமில்லை. மதுரையில் ஒரு மருத்துவ உளவியலாளரும் ஒரு செவிலியரும் சேர்ந்து ஒரு பிற்பகல் முழுவதும் அவரோடு இருந்தார்கள். சர்க்கரை பார்க்கும் கருவியின் குத்தூசியால் விரல் நுனியில் தானே குத்திக்கொள்ள வைத்தார்கள். முதல் குத்துக்கு நாற்பது நிமிடம் ஆயிற்றாம், பத்தாவது குத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மாலையில் வயிற்று மடிப்பில் இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தார். இந்த முறையில் பழகிய சிகிச்சையாளர் நம் ஊர்களில் அரிது, அதுதான் ஒரே தடை. விசாரித்துக் கிடைத்தால், அண்ணியைப் போல மயங்காதவர்களுக்கும் அவசரக் கெடு உள்ளவர்களுக்கும் என் முதல் பரிந்துரை இதுவே.

தசையை இறுக்குவது

என்னைப் போன்றவர்களுக்கு இந்த ஏணியோடு இன்னொன்றும் சேர வேண்டும். ஓஸ்டும் ஸ்டெர்னரும் 1987இல் விவரித்த தசை இறுக்கப் பயிற்சி அது. எல்லோரும் "தளர்த்து" என்று சொன்ன இடத்தில் முதன்முதலாக ஒருவர் "இறுக்கு" என்று சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள். கைகள், தொடைகள், வயிறு மூன்றையும் ஒரே நேரத்தில் இறுக்குங்கள். 10 முதல் 15 விநாடிகளில் முகத்தில் சூடு ஏறுவது தெரியும். அதுதான் அடையாளம், இரத்த அழுத்தம் மேலே வருகிறது. பிறகு விடுங்கள், ஆனால் துவண்டுபோகிற அளவுக்கு விட வேண்டாம், சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் நிலைக்கு வந்தால் போதும். 20, 30 விநாடி கழித்து மறுபடியும் இறுக்குங்கள். இப்படி ஐந்து தடவை. ஒரு நாளில் பலமுறை, ஒரு வாரம் பழகிவிட்டு ஏணியில் ஏறத் தொடங்கலாம். தலை வலித்தால் இறுக்கம் அதிகம் என்று பொருள். ஊசி ஏறும் கையை மட்டும் தளர்வாக வைக்கப் பழக வேண்டும், இல்லாவிட்டால் நரம்பு கிடைக்காமல் குத்தியவர் மறுபடி குத்த நேரும். உயர் இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

இறுக்கப் பயிற்சி சேர்ந்த சிகிச்சை, வெறும் ஏணியைவிட மேலானது என்று ஓஸ்ட் குழுவின் 1991 ஆய்வு காட்டியது. பிற்கால மதிப்பீடுகள் அந்த இடைவெளி அவ்வளவு பெரிதல்ல என்கின்றன. இருந்தாலும் ஏழு முறை விழுந்தவள் என்ற முறையில் நான் இதற்கே ஓட்டுப் போடுவேன். மயக்கம் வரும் அறிகுறி தெரிந்ததும் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது என்ற தெம்பு, பயத்தின் பாதியைக் கரைத்துவிடுகிறது.

யாரிடம் போவது

மாத்திரை எழுத மனநல மருத்துவர் வேண்டும். ஏணியும் இறுக்கப் பயிற்சியும் கற்றுத்தர மருத்துவ உளவியலாளர் போதும். அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். "பயப்படும் பொருளை நேரில் சந்திக்கும் சிகிச்சை தருகிறீர்களா?" என்பது நான் கேட்கச் சொல்லும் இரண்டாவது கேள்வி. வெறுமனே பேசி அனுப்புகிறவர்களிடம் இந்தப் பயத்துக்குப் பலன் குறைவு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் புறநோயாளிப் பிரிவில் பணம் இல்லாமல் பார்க்கலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

நாளைக் காலையே ஊசி என்றால்

ஒன்பது வாரமும் இல்லை, மதுரையும் இல்லை, விடிந்தால் ஊசி என்ற நிலையில் இருப்பவர்கள் இதை மட்டும் செய்யுங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய பரிசோதனைக்கும் பெரும்பாலும் தண்ணீர் குடிக்கலாம், ஆய்வுக்கூடத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வலிதான் பெரிய பயம் என்றால், தோலை மரத்துப்போக வைக்கும் களிம்பை மருத்துவரிடம் எழுதி வாங்கி ஒரு மணி நேரம் முன்பே தடவுங்கள். உள்ளே போனதும் "எனக்கு மயக்கம் வரும், படுத்துக்கொண்டுதான் எடுப்பேன்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். இதைச் சொல்ல நான் 19 ஆண்டுகள் வெட்கப்பட்டேன். சொன்ன அன்று அந்தத் தங்கை மறுபேச்சில்லாமல் கட்டிலைக் காட்டினாள், தினமும் இரண்டு மூன்று பேர் இப்படி வருவார்கள் என்றாள். படுத்த நிலையில் கால்களையும் வயிற்றையும் இறுக்கிக்கொண்டிருங்கள். முடிந்ததும் உடனே எழ வேண்டாம், முதலில் உட்காருங்கள், பத்து நிமிடம் கழித்து நில்லுங்கள்.

சென்ற மாதம் என் தைராய்டு பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடந்தது. இடது கையில் ஊசி, வலது கை முஷ்டியாக இறுகியிருந்தது, முகத்தில் அந்தச் சூடு. குப்பியில் இரத்தம் ஏறுவதை மட்டும் இன்னும் பார்க்கவில்லை. அது அடுத்த படி, நோட்டில் 70 என்று எழுதி வைத்திருக்கிறேன்.